நான்காவது துளை

நூல் அறுபடவில்லை. முடிச்சும் அவிழவில்லை. ஆனால் குதிகால் மட்டும் ஊதிவிட்ட கனல் மாதிரி சிவந்து கிடந்தது.

கழுகு குழந்தையின் வலது காலை விளக்கு வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி இன்னொரு முறை பார்த்தாள். பார்ப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். ஏற்றுமதிக்குப் போகும் குழந்தைத் துணிகளைக் கடைசியாகச் சோதிக்கும் மேஜை அவளுடையது. தவறிய தையலோ பிசிறு நூலோ அவள் கண்ணைத் தாண்டிப் பெட்டிக்குள் போனதாகச் சரித்திரமே இல்லை. தையல்காரர்கள் எரிச்சலில் வைத்த பெயர் கழுகு. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். இப்போது முகத்துக்கு நேராகவே கூப்பிடுகிறார்கள், அவளும் பெருமையாகத் திரும்பிப் பார்க்கிறாள்.

அப்படிப்பட்டவளின் வீட்டிலேயே, அவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு, யாரோ விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

அவளுடைய ஒரே மகன் பிறக்கும்போதே இரண்டு பாதமும் உள்பக்கமாக மடங்கித்தான் பிறந்தான். பிறந்த சூட்டோடு மாவுக்கட்டு. வாரா வாரம் பழைய கட்டை அறுத்து, பாதத்தைக் கொஞ்சம் வெளியே திருப்பி, புதுக் கட்டு. கடைசியாகக் குதிகால் நரம்பில் ஒரு சின்ன வெட்டு. பாதங்கள் நேராயின. நேரான பாதம் பழைய குணத்துக்குத் திரும்பிவிடாமல் இருக்க இப்போது கம்பி ஷூ. ஒரு கம்பியின் இரண்டு முனையிலும் இரண்டு ஷூக்கள், ஒவ்வொன்றிலும் மூன்று வார்கள். குளிக்கிற நேரம் தவிர நாள் முழுக்கக் காலில் இருக்க வேண்டும். அந்தக் கம்பியைத் தூக்கித் தொட்டில் சட்டத்தில் 'டமார் டமார்' என்று அடிப்பதுதான் பயலுக்குப் பிடித்த விளையாட்டு. அதனால் வீட்டில் அவன் பெயர் டமாரம்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவள் விடுப்பு முடிந்து ஃபாக்டரிக்குத் திரும்பிய வாரம் வரைக்கும்.

அந்த வாரம்தான் வலது குதிகாலில் முதல் சிவப்பு. காலையில் லேசாக வெளுத்திருக்கும், மாலையில் வீடு திரும்பினால் மறுபடி செக்கச் சிவப்பு. பயந்துபோய் கிளினிக்குக்கு ஃபோன் செய்தாள். கம்பி ஷூ பிரிவின் சிஸ்டர் சொன்னது இன்னும் காதில் நின்றது.

"ஷூ இறுக்கமா இருந்தா இப்படி ஆகாதும்மா. தளர்ந்திருந்தாதான் ஆகும். குதிகால் உள்ள ஏறி இறங்கி உராயுது. வீட்ல யாராவது இரக்கப்பட்டு நடு வாரைத் தளர்த்தி விடறாங்களான்னு பாருங்க. நிறைய வீட்ல நடக்கிறதுதான். கொப்புளம் வந்து தோல் உடைஞ்சுதுன்னா ஷூவே போட முடியாது. போடலைன்னா பாதம் உள்ள திரும்ப ஆரம்பிச்சுடும். அப்புறம் முதல்லேர்ந்து மாவுக்கட்டுதான்."

முதலிலிருந்து. 

வீட்டில் யார் இருக்கிறார்கள்? கணவன் லிஃப்ட் மெக்கானிக், அவளுக்கு முன்னால் கிளம்பி அவளுக்குப் பின்னால் வருகிறவன். மிச்சம் ஒரே ஆள். கணவனின் தங்கை. டாக்சி கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே ஃபோன் எடுக்கும் வேலை. காதில் ஹெட்ஃபோன், மடியில் மருமகன். தூக்கத்தில்கூட வாய் மூடாது என்பதால் அண்ணன்காரன் வைத்த பெயர் ரேடியோ.

கழுகு வலை விரித்தாள். காலையில் குளிப்பாட்டி, துடைத்து, விரலிடுக்கில்கூட ஈரம் இல்லாமல் உலர்த்தி, ஃபாக்டரியிலிருந்து அவளே பொறுக்கிக் கொண்டுவந்த புதுக் காலுறையை மாட்டினாள். வெயில் காலத்துக்கு ஏற்ற மெல்லிசு, உள்ளே ஒரு தையல் மேடு கிடையாது. சுருக்கம் விழாமல் இழுத்துவிட்டு ஷூ. வலது ஷூவின் நடு வாரை நான்காவது துளையில் மாட்டினாள். முதல் நாள் கிளினிக்கில் ஷூ மாட்டிவிட்டவர் அந்தத் துளைக்குப் பக்கத்தில்தான் மார்க்கரால் சிவப்புப் புள்ளி வைத்து, "இதுக்கு வெளிய தளர்த்திடாதீங்க" என்று சொல்லியிருந்தார். கடைசியில், வாரின் நிறத்திலேயே ஒரு நூலைக் கோத்து பக்கிளையும் வாரையும் சேர்த்து ஒரு சின்ன முடிச்சு. யார் வாரை அவிழ்த்தாலும் நூல் அறுந்துதான் ஆக வேண்டும்.

இப்போது மாலை. நூல் அப்படியே இருக்கிறது. குதிகால் சிவந்திருக்கிறது.

பூட்டு உடையாமல் வீட்டுக்குள் திருட்டு!

"ரேடியோ!"

"இதோ வந்துட்டேன் அண்ணி." ரேடியோ ஹெட்ஃபோனைக் கழுத்தில் தொங்கவிட்டபடி வந்தாள்.

"இன்னிக்கு வாரைத் தொட்டியா?"

"தொட்டா கையை ஒடிச்சுடுவேன்னு சொல்லிட்டுத்தானே போனீங்க? ரெண்டு கையும் முழுசா இருக்கு, பாருங்க."

"விளையாடாத. இந்த முடிச்சு என்னோடது இல்ல."

"எந்த முடிச்சு?"

கழுகு காட்டினாள். நான் ரெண்டு சுற்று சுற்றுவேன், இதில் ஒன்றரைதான் இருக்கிறது என்றாள். சொல்லும்போது அவளுக்கே அது உண்மையாகத் தெரிந்தது. சந்தேகம் வந்த கண்ணுக்கு நேரான முடிச்சும் கோணலாகத்தான் படும்.

ரேடியோவின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது. "நூல் கட்டி வச்சுட்டா போனீங்க? எனக்குத் தெரியாம? கடையில திருடு போனா வேலைக்கு நிக்கிறவங்க பையைச் சோதிப்பாங்களே, அப்படியா?"

"எனக்கு என் பிள்ளை காலு முக்கியம்."

"எனக்கு மட்டும் அவன் யாரு, பக்கத்து வீட்டுப் பிள்ளையா? ரெண்டு நாளா சொல்லிட்டு இருக்கேன், பின்னாடி ஜன்னல்ல குதிகால் மேல வர்ற மாதிரி இருக்கு அண்ணின்னு. காதுல வாங்கினீங்களா?"

ஷூவின் பின்பக்கம் விரல்நுனி அளவுக்கு ஒரு ஜன்னல் உண்டு. குதிகால் கீழே உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே வைத்த ஓட்டை.

"தளர்த்தினா மேல வரத்தான் செய்யும்" என்றாள் கழுகு. "பண்றதையும் பண்ணிட்டு, சாட்சியும் நீயே சொல்லுவியா?"

அந்த நேரம் பார்த்துத்தான் மெக்கானிக் கிரீஸ் கையோடு உள்ளே நுழைந்தான். மனைவி முகத்தைப் பார்த்தான், தங்கை முகத்தைப் பார்த்தான், திரும்பிப் போய்விடலாமா என்று வாசலைப் பார்த்தான்.

"என்னாச்சு?"

"உன் பொண்டாட்டி என்னைத் திருடின்னு சொல்லிட்டாங்க அண்ணா."

"நான் அந்த வார்த்தையைச் சொல்லல!"

"சொல்ல வேற வேணுமா? நூலே சொல்லிடுச்சே!"

"ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்க" என்றான் மெக்கானிக். "மூடற லிஃப்ட் கதவுக்கு நடுவுலகூட நின்னுடுவேன், உங்க நடுவுல நிக்க எனக்கு தைரியம் இல்ல."

 ரேடியோ லேப்டாப்பை மூடினாள், நான்கு துணியைப் பைக்குள் திணித்தாள். ஃப்ரெண்டு ரூமுக்குப் போகிறேன் என்றாள். வாசலில் செருப்பை மாட்டும்போது தொட்டிலில் 'டமார்' என்று ஒரு சத்தம். அவள் திரும்பாமலே, "போடா, உனக்கும் எனக்கும் பேச்சில்ல" என்றாள். குரல் பாதியிலேயே உடைந்தது.

கதவு சாத்திக்கொண்டது. 'தொலைந்தது தொல்லை, நாளையிலிருந்து சிவப்பு இருக்காது' என்று கழுகு மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

*

மறுநாள் அவள் வேலைக்கு லீவு போட்டாள். அதற்கு அடுத்த நாள் கிளினிக்கில் பரிசோதனை. அதற்குள் குதிகால் வெளுத்தாக வேண்டும்.

காலையில் அதே சடங்கு. குளியல், உலர்த்தல், மெல்லிசுக் காலுறை, நான்காவது துளை. பழக்கதோஷத்தில் நூலையும் கட்டினாள். இந்த முறை சுற்றுகளை வாய்விட்டு எண்ணிக் கட்டினாள். பிறகு தொட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. கதவைத் தாழ்ப்பாள் போட்டாயிற்று, மெக்கானிக் எங்கோ ஒரு மாடிக் கட்டிடத்தில் லிஃப்ட் குழிக்குள் இருக்கிறான், அங்கே ஃபோன்கூட எடுக்காது.

டமாரம் தன் வேலையைத் தொடங்கினான். டமார். டமார். ஒரு காலை நீட்டி, மறு காலை இழுத்து, கம்பியை ஆட்டி ஆட்டிச் சிரித்தான். அவளும் சிரித்தாள். முற்பகல் முழுக்கக் கண்ணை எடுக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியம் நூலை அறுத்து வாரை அவிழ்த்தாள். ஷூவைக் கழற்றினாள், காலுறையை உருவினாள்.



சிவப்பு போகவில்லை. சிவப்பின் நடுவில், பயறு அளவுக்கு, வெளுத்த ஒரு மேடு. உள்ளே நீர் கோத்திருந்தது.

கொப்புளம்.

இன்னும் உடையவில்லை. உடைய எவ்வளவு நேரம்? இன்னும் நாலு உதை போதும்.

இந்த வீட்டில் இன்று இருந்தது இரண்டே பேர். அதில் ஒருவனுக்கு அவன் காலே எட்டாது. அப்படியானால் தளர்த்தியது யார்? கழுகு அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஜன்னல், தொட்டில், காலி நாற்காலி. அவளுக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. பேய் பிசாசை நினைத்து அல்ல. நேற்று வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்ற ஒரு முதுகை நினைத்து.

அவள் தொடவில்லை. அவள் எப்போதுமே தொட்டதில்லை.

ஃபோன் அலறியது. ஃபாக்டரி சூப்பர்வைசர்.

"அக்கா, லீவுல தொந்தரவு பண்றேன்னு திட்டாதீங்க. மூணாவது லைன்ல ஓவர்லாக் ஓரத் தையல் பூரா தொளதொளன்னு வருது. மிஷின்ல எல்லாம் நீங்க ஓகே பண்ணின நம்பர்லதான் ஓடுது. என்ன கோளாறுன்னே புரியல."

"துணி மாறியிருக்கும் பாரு."

"ஆமா, இன்னிக்கு மெல்லிசுத் துணி ஏத்தியிருக்கோம்."

"எத்தனை தடவைடா சொல்றது!" கழுகுக்கு எங்கோ இருந்த கோபமெல்லாம் இங்கே வந்து இறங்கியது. "தடிச்ச துணிக்கு வச்ச நம்பரை மெல்லிசுக்கும் வச்சு ஓட்டினா தொளதொளன்னுதான் வரும். துணி மாறினா நூல் டென்ஷனை இறுக்கணும். நம்பரையே பாத்துட்டு இருந்தா எப்படி, தையலைப் பா..."



"அக்கா? லைன்ல இருக்கீங்களா? அக்கா?"

அவள் ஃபோனைக் கட்டிலில் போட்டுவிட்டு அலமாரிக்கு ஓடினாள். அடித்தட்டில், பழைய துணிகளுக்குக் கீழே, கிளினிக்கில் முதல் நாள் கொடுத்த காலுறை. கம்பளி மாதிரி தடிமன். 'வெயிலில் பிள்ளைக்குக் காலெல்லாம் வேர்க்கிறது' என்று, வேலைக்குத் திரும்பிய வாரம், அவள்தான் அதைத் தூக்கி உள்ளே போட்டிருந்தாள். ஒரு கையில் அது, மறு கையில் மெல்லிசு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இரண்டையும் வைத்துத் தடவிப் பார்த்தாள். தினமும் ஆயிரம் துணியைத் தடவிப் பார்க்கும் விரல்கள் ஒரு நொடியில் சொல்லிவிட்டன.

அந்தச் சிவப்புப் புள்ளி தடிச்ச காலுறைக்கு வைத்த புள்ளி.

காலுறை மெலிந்தபோது ஷூவுக்குள் இடம் கூடிவிட்டது. வார் அதே துளையில். நூல் அதே முடிச்சில். உள்ளே, பயல் ஓங்கி உதைக்கிற வலது காலின் குதிகால் மட்டும் ஒவ்வொரு 'டமாரு'க்கும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இரவில் தூங்குகிறவன் உதைப்பதில்லை, அதனால்தான் காலையில் வெளுப்பு. பகலில் ஓயாமல் உதைக்கிறான், அதனால் மாலையில் சிவப்பு. பகலில் வீட்டில் இருந்தவள் ரேடியோ, அதனால் பழி அவள் தலையில். 'வாரைத் தொடாதே' என்று கட்டளை போட்டிருந்ததால், குதிகால் மேலே வருவதைக் கண்ணால் பார்த்தும் அந்தப் பெண் இறுக்கவில்லை. வாயால் சொன்னாள். அதைக் கேட்க ஆளில்லை.

திருடனைப் பிடிக்க வலை விரித்தவள் வலைக்குள் நின்றுகொண்டிருந்தாள்.

*

கிளினிக் சிஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"உடைஞ்சுதா?"

"இல்ல சிஸ்டர்."

"குத்தாதீங்க. எண்ணெய், கிரீம், பவுடர் எதுவும் வேணாம். தோல் ஊறினா சீக்கிரம் உரியும். தடிச்ச சாக்ஸுக்குத் திரும்பாதீங்க, இந்த வெயில்ல வேர்த்துக் கொட்டும். மெல்லிசே போடுங்க, ஆனா வாரை உள்ள இழுங்க. புள்ளியை மறந்துடுங்க, ஜன்னலைப் பாருங்க. முழங்காலை மடக்கிட்டு, குதிகாலை நல்லா கீழ அமுக்கிப் பிடிச்சு, அப்புறம் நடு வார். ஜன்னல்ல குதிகால் அசையவே கூடாது. அசையாம நின்னா ஷூ காலிலேயே இருக்கட்டும். அசைஞ்சுதுன்னா உடனே கழட்டிடுங்க, நாளைக்கு வாங்க, கட்டுப் போடறதைப் பத்தி டாக்டர் சொல்லுவார்."

கழுகு ஃபோனை வைத்தாள். முழங்காலை மடக்கினாள். டமாரம் நீட்டினான். மடக்கினாள். நீட்டினான். பசியும் கோபமும் சேர்ந்து பயல் வில்லாக வளைந்தான். ஒரு கையால் முழங்கால், ஒரு கையால் குதிகால், வாரை இழுக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? ஒரு முறை வாரைப் பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தாள். மாட்டியது. ஜன்னலில் பார்த்தாள். குதிகால் இரண்டு நூல் அளவு மேலே நின்றது. பதறிப்போய்க் கழற்றினாள். கொப்புளம் முன்னைவிடப் பளபளத்தது.

ஒவ்வொரு தோல்வியும் அந்த இடத்தில் ஒரு உராய்வு. இனி தனியாக முயன்றால் அவளே உடைத்துவிடுவாள்.

மெக்கானிக்கின் ஃபோன் தொடர்பு எல்லைக்கு வெளியே. ரேடியோவின் ஃபோனுக்கு அடித்தாள். ஒரு மணியிலேயே துண்டித்தாள் அந்தப் பெண். மறுபடி அடித்தால் அணைத்தே வைத்துவிட்டாள்.

கழுகு யோசித்தாள். ஒரே வழிதான். டாக்சி கம்பெனியின் எண்ணை அழுத்தினாள்.

"வணக்கம், வாகன சேவை" என்றது ஒரு ஆண் குரல். துண்டித்தாள். மறுபடி அழுத்தினாள். மறுபடி அதே ஆள். "மேடம், இப்பதானே..." துண்டித்தாள். மூன்றாவது முறை.

"வணக்கம், வாகன சேவை. எங்கிருந்து எங்க போகணும்னு சொல்லுங்க!"

அந்தக் குரல்!

"நான்தான்."

 பனிக்கட்டியில் வைத்து எடுத்த மாதிரி, "புறப்படற இடம் சொல்லுங்க மேடம்" என்றாள் ரேடியோ.

"நீ இருக்கிற இடம்."

"சேர வேண்டிய இடம்?"

"நம்ம வீடு."

"மன்னிக்கணும் மேடம். அந்த விலாசத்துக்கு நாங்க வண்டி அனுப்பறதில்ல. அங்க டிரைவரை நூல் கட்டி சோதிக்கிறாங்களாம்."

"தப்பு பூரா என்னோடதுதான்டி."

"மேடம், இந்தக் கால் ரெக்கார்ட் ஆகுது."

"ஆகட்டும், நல்லா ஆகட்டும். உன் மேலதிகாரி, அவருக்கு மேல இருக்கிறவர், எல்லாரும் கேக்கட்டும். வாரை யாருமே தளர்த்தல. சாக்ஸை மாத்தினது நான். துளையை மாத்தாதது நான். நீ ஜன்னல்ல பாத்து சொன்ன, நான் உன்னைப் பழி சொன்னேன். கழுகுன்னு பேரு வச்சுக்கிட்டு என் மூக்குக்குக் கீழ இருந்தது எனக்குத் தெரியல. நீ என்னை மன்னிக்க வேணாம், திட்டணும்னா அப்புறம் வந்து நாள் முழுக்கத் திட்டு. ஆனா கொப்புளம் வந்துடுச்சு. என் ரெண்டு கை பத்தல."

'மேடம்' காணாமல் போனாள்.

"உடைஞ்சுதா அண்ணி?"

"இன்னும் இல்ல."

"ஷூவைத் தூர வைங்க. தொடாதீங்க. அவனைக் குப்புறப் போடாதீங்க. வந்துட்டே இருக்கேன்."

"வேலை?"

"தலைவலின்னு சொல்லிக்கிறேன். பொய்யில்ல, உங்களாலதான் வந்தது."

*

ரேடியோ படியேறி வந்த வேகத்தில் துப்பட்டா கைப்பிடியில் மாட்டிக் கிழிந்தது. அவள் அண்ணியைப் பார்க்கவில்லை. நேராகத் தொட்டிலுக்குப் போனாள், சிவந்த இடத்தைக் குனிந்து பார்த்தாள், உதட்டைக் கடித்தாள். டமாரம் அவளைக் கண்டதும் அழுகையை நிறுத்திவிட்டு, இத்தனை நேரம் எங்கே போனாய் என்கிற மாதிரி ஒரு பெருமூச்சு விட்டான்.

"முழங்காலை நான் பிடிச்சுக்கிறேன்" என்றாள் கழுகு. "குதிகாலையும் நானே அமுக்கறேன். வாரை நீ இழு."

ரேடியோ நிமிர்ந்தாள். "நானா?"

"நீதான்."

டமாரத்தைத் தரையில் பாய் விரித்துக் கிடத்தினார்கள். காலுறை ஏறியது. கழுகு முழங்காலை மடக்கினாள், பாதத்தை ஷூவுக்குள் விட்டு, கட்டைவிரலால் கணுக்காலின் மடிப்பை அழுத்திக் குதிகாலை ஷூவின் அடித்தளத்தில் உட்கார வைத்தாள். ரேடியோ வாரைப் பிடித்தாள். நான்காவது துளை வந்தது. தாண்டியது. ஐந்தாவதில் மாட்டினாள்.

"ஜன்னல்?"

ரேடியோ தரையில் கன்னம் வைத்துப் பார்த்தாள். "அசையுது. கொஞ்சூண்டு."

"இன்னும் ஒண்ணு இழு."

டமாரம் வீறிட்டான். முகம் சிவந்து, கண்ணோரம் நீர் திரண்டு, அத்தையைப் பார்த்துக் கையை நீட்டினான். ரேடியோவின் விரல்கள் நின்றன. "அண்ணி, அழறான்."

"தெரியும்."

"வலிக்குதோ என்னவோ..."

"வலியில்ல, அடக்கறோம்னு கோபம். இழுடி. நீ இப்ப விட்டா, நாளைக்கு மாவுக்கட்டுல அழுவான்." சொல்கிறவளின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கக் கை இல்லை.

ரேடியோ இழுத்தாள். ஆறாவது துளை. பக்கிள் 'க்ளக்' என்றது. பிறகு கால்விரல் பக்கத்து வார், மேல் வார், இடது ஷூவும் அதே மாதிரி. கழுகு கையை எடுத்தாள். டமாரம் உதைத்தான். இன்னொரு உதை. இரண்டு பேரும் தரையில் படுத்து, தலையோடு தலை முட்ட, அந்த ஓட்டைக்குள் பார்த்தார்கள்.

குதிகால் அசையவில்லை.

விரல்கள் ரத்தம் ஓடி இளஞ்சிவப்பாக இருக்கின்றனவா என்று அழுத்திப் பார்த்தாள் கழுகு. அழுத்தினால் வெளுத்தது, விட்டால் சிவந்தது. இறுக்கம் இறுக்கமாகத்தான் இருக்கிறது, நெரிக்கவில்லை.

"இன்னும் உங்ககூட நான் பேசல" என்றாள் ரேடியோ தரையிலிருந்தே.

"பேசாத."

"பேசவே மாட்டேன். ஆனா கேளுங்க, அந்தப் பையன்கிட்ட ரெண்டு தடவை ஃபோனைக் கட் பண்ணினது நீங்கதானா? எங்க ஆபீஸ்ல அவன் பயந்து போய் தண்ணி குடிச்சிட்டிருந்தானாம்."

அதற்குப் பிறகு அவள் பேசாமல் இருந்ததாக யாரும் சொல்ல முடியாது. டமாரத்தின் இரண்டு முழங்காலையும் கம்பியோடு சேர்த்து மடக்கி நீட்டி, சைக்கிள் இல்லை தம்பி, தவளை, இரண்டு காலும் ஒன்றாக, என்று பாடம் எடுத்துக்கொண்டே அவனைத் தூங்க வைத்தாள். ஒற்றைக் காலால் உதைத்தால்தான் இழுபடும், சேர்த்து உதைக்கக் கற்றுக்கொண்டால் கம்பி பகையில்லை என்று எங்கோ பார்த்திருந்தாளாம். கழுகு அதையும் இன்றுதான் காதில் வாங்கினாள்.

*

கிளினிக் பெஞ்சில் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். கழுகு, ரேடியோ, நடுவில் இடம் இருந்தும் ஓரத்தில் ஒட்டிக்கொண்ட மெக்கானிக். மடியில் டமாரம். சிவந்த இடம் ஷூவுக்குள். இரவு முழுக்க ஜன்னலில் மட்டும் பார்த்தார்கள். கழற்றவில்லை. உள்ளே கொப்புளம் என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது.

"உடைஞ்சிருந்தா சாக்ஸ்ல ஈரம் தெரியும்ல?" என்றான் மெக்கானிக்.

"வாயைக் கழுவுங்க" என்றாள் கழுகு.

"சும்மா கேட்டேன்."

"சும்மா எதையும் கேக்காத அண்ணா" என்றாள் ரேடியோ. இரண்டு பெண்களும் ஒரே கட்சி ஆகிவிட்டதை அவன் அப்போதுதான் கவனித்தான். இன்னும் கொஞ்சம் ஓரத்துக்கு நகர்ந்தான்.

டாக்டர் கூப்பிட்டார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, வாரை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். ஷூ வந்தது. காலுறையை விரலால் சுருட்டிச் சுருட்டி உருவினார். கழுகு அந்தத் துணியையே பார்த்தாள். ஈரமா? நிழலா? அவளுக்கு எதுவும் தெரியவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக அந்தக் கண்கள் பார்க்க மறுத்தன.

டாக்டர் குதிகாலைத் திருப்பினார். கட்டைவிரலால் ஓரத்தை அழுத்தினார்.  பாதத்தை மேல்பக்கமாக வளைத்தார், வெளியே திருப்பினார், மறுபடி குதிகாலுக்கு வந்தார்.

"வாரை யாரு இப்படி இறுக்கினது?"

 ரேடியோவின் கை தானாக அண்ணியின் கையைத் தேடியது.

"நான்தான் சொன்னேன்" என்றாள் கழுகு அவசரமாக. "அவ மேல தப்பில்ல. நான்தான் இழு இழுன்னு..."

"தப்புன்னு யாரு சொன்னா?" டாக்டர் காலை விளக்குக்குக் கீழே கொண்டுவந்தார். "வந்து பாருங்க."

மேடு தட்டையாகியிருந்தது. நீர் உள்ளேயே வற்றத் தொடங்கி, மேல்தோல் கசங்கிய காகிதம் மாதிரி, ஆனால் முழுசாக, ஒரு கீறல்கூட இல்லாமல் மூடியிருந்தது. சுற்றியிருந்த சிவப்பு, வெளிறிய ரோஜா நிறத்துக்கு இறங்கியிருந்தது.

"பாதம் திரும்பல. தோல் உடையல. கட்டு வேண்டாம். நேத்து நீங்க தளர்த்தியிருந்தா, இன்னிக்கு நான் வேற பேசிட்டு இருந்திருப்பேன்." அவர் ஷூவைக் கழுகிடம் நீட்டினார். "கொஞ்ச நேரம் காத்தாட விட்டுட்டு இப்படியே மாட்டிடுங்க. வாரக் கடைசியில மறுபடி காட்டுங்க. அடுத்தவங்களை வரச் சொல்லுங்க."

மெக்கானிக் சுவரில் சாய்ந்து ஒரு நீளமான மூச்சு விட்டான்.  பேசினால் அழுதுவிடுவோம் என்று தெரிந்து, கழுகு டமாரத்தை வெளிப் பெஞ்சில் கிடத்தி, காலுறையைச் சுருக்கமில்லாமல் நீவிவிடத் தொடங்கினாள். ரேடியோ தானாக எதிர்ப்பக்கம் வந்து மண்டியிட்டாள்.

பயல் தன் கால் பக்கம் இரண்டு தலைகள் குனிவதைப் பார்த்தான். என்ன வரப்போகிறது என்று புரிந்துகொண்டான். உதட்டைப் பிதுக்கினான்.

"ஆரம்பிச்சுட்டான்" என்றாள் ரேடியோ.

"அழட்டும்" என்றாள் கழுகு, முழங்காலை மடக்கியபடி. "நீ ஜன்னலைப் பாரு."